வழக்கறிஞர் கூட்டுத்தொழில்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் சட்டம் பேச எழுந்தது கண்டு நும்முட் சிலர் நகைத்தல் கூடும். அந்நகைப்பு முறையானதே. இருபதாண்டுக்கு மேலாக யாம் மாணாக்கர்க்கு எழுத்தும் சொல்லும் புகட்டி வருகின்றோமேயன்றி, நீதிமன்றத்தின் படியேறி ஒரு வழக்கேனும் உரைத்தோமல்லோம். ஆயினும் இவ்வாண்டு நம் மரபினருள் மூவர் வழக்கறிஞராகப் பதிவு பெற்றனர். இருவர் ஆடவர்; ஒருவர் பெண்மகள். மூவரும் ஒரே கட்டடத்தில் ஒரே பெயர்ப்பலகையின்கீழ்த் தொழில் நடத்த எண்ணி, அதற்குரிய வடிவங்கள் யாவை, அவற்றுள் எது தகும் என்று நம் செயலாளரை வினவினர். செயலாளர் அவ்வினாவை எம்பால் விடுத்தார். அதற்குக் காரணம் உண்டு. யாம் இத்துறையிற் புகுந்தது கல்வி விருப்பினாலன்று. எம் தங்கையின் பொருட்டு. அச்செய்தியை முதற்கண் கூறிவிட்டு மேற்செல்வோம்.

எம் மைத்துனர் ஒரு மாவட்டத் தலைநகரில் வழக்கறிஞராக இருந்தார். 1999ஆம் ஆண்டு முதல் அவரும் அவர்தம் நண்பர் ஒருவரும் சேர்ந்து அலுவலகம் நடத்தினர். வாடகையும் குமாஸ்தாவின் சம்பளமும் போக எஞ்சியதை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வர். பலகையில் இருவர் பெயரும் இருந்தன. எழுத்திலோ ஒருவரியும் இல்லை. பிறர்க்கெல்லாம் பத்திரம் எழுதிக்கொடுத்த இருவரும் தமக்கென்று ஒரு பத்திரம் எழுதிக்கொள்ளவில்லை. 2013ஆம் ஆண்டில் மைத்துனர் மாரடைப்பால் இறந்தார். பதினாறாம் நாள் கருமம் முடிந்தபின் தங்கை அந்நண்பரைக் கண்டு கேட்டாள். அவர் கடுஞ்சொல் ஒன்றும் கூறினாரல்லர். "அம்மா, அவர் போனதோடு கூட்டும் போயிற்று. வழக்குகள் அவரவர் பெயரில் வந்த வக்காலத்து. இதில் பிரிப்பதற்கு என்ன இருக்கிறது?" என்றார்.

அவர் கூறியதிற் பாதி சட்டப்படி உண்மை. மற்றைப் பாதி பிழை. எது உண்மை, எது பிழை என்று யாம் அறிந்தது 2017ஆம் ஆண்டில். அப்பொழுது காலம் கடந்துவிட்டது. கலைந்த கூட்டின் கணக்குக் கேட்டு வழக்கிடுதற்குக் காலவரையறைச் சட்டம் வகுத்த எல்லை, கலைந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. "அண்ணா, போய்க் கேட்கலாமா?" என்று தங்கை பலமுறை வினவியபோதெல்லாம், "பொறு, நல்லவர், தாமே தருவார்" என்று கூறியவர் யாமே. ஆகலின் இப்பேச்சினை ஒரு பிழையீடாகவும் கொள்ளலாம்.

நிற்க. முதலிற் சொல்லைப் பார்ப்போம். சொல்லை விட்டுப் பொருளுக்குச் செல்லுதல் எம் தொழிலுக்கு அடாது. நம் ஊர்களிற் 'பங்காளி' என்றால் ஒருகுடிப் பிறந்த தாயாதியைக் குறிக்கும். பாட்டன் நிலத்திற் பிறப்பினாலேயே பங்குடையவன் அவன். கூட்டுத்தொழிற் சட்டம் கூறும் பங்காளியோ அவனல்லன். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 5ஆம் பிரிவில், கூட்டாண்மை என்பது உடன்படிக்கையாற் பிறப்பதேயன்றிப் பிறப்பு நிலையாற் பிறப்பதன்று எனத் தெளிய உரைக்கின்றது. கூட்டுக் குடும்பத்தினர் குடும்பத் தொழிலை நடத்துவாராயினும் அது காரணமாக அவர்கள் கூட்டாளிகளாகார். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாமையால் நம்மவர் வீடுகளில் இரண்டு மயக்கங்கள் உளவாகின்றன.

ஒன்று, "அப்பாவின் வக்கீல் ஆபீஸ் மகனுக்கு" என்பது. கடையும் ஆலையும் அங்ஙனம் இறங்கலாம். வழக்கறிஞர் தொழில் இறங்காது. கட்சிக்காரர் ஒரு வழக்கறிஞர்க்குக் கொடுக்கும் வக்காலத்து, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, அவ்வழக்கறிஞர் இறந்தவுடன் முடிந்துபோகும். மகன் தொடர வேண்டுமாயின் கட்சிக்காரர் மனமுவந்து புதிதாகக் கையெழுத்திடல் வேண்டும். கட்சிக்காரர் சொத்தல்லர், உயிலில் எழுதப்படார்.

மற்றொன்று, "குடும்பப் பணத்திற் படித்தான், ஆகவே அவன் சம்பாத்தியம் குடும்பத்தின் பொது" என்பது. இஃது ஒருகாலத்தில் வழக்காகவே நின்றது. 1921ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கவுன்சில், குடும்பச் செலவிற் சிறப்புப் பயிற்சி பெற்று ஐ.சி.எஸ். பதவி எய்திய ஒருவர் ஈட்டிய பொருள் கூட்டுக் குடும்பத்திற்கு உரியதே என்று தீர்த்தது. படித்தவர் நாடெங்கும் இது கேட்டு அஞ்சினர். அதனை மாற்றவே 1930ஆம் ஆண்டில் இந்துக்களின் கல்வி ஈட்டம் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. கல்விக்குக் குடும்பமே பொருள் கொடுத்திருப்பினும் அக்கல்வியால் ஈட்டிய பொருள் ஈட்டினவனுக்கே உரியது என்பது அதன் விதி. தம்பியைப் படிக்க வைத்த தமையன்மார் பலர் இவ்வவையில் இருக்கின்றீர்கள். நன்றி வேறு, உரிமை வேறு என்பதனைச் சட்டம் தொண்ணூறு ஆண்டுக்கு முன்னரே பிரித்து வைத்துவிட்டது என்பதை அறிந்து வைத்தல் நலம்.

இனி வடிவங்களைக் காண்போம்.

தனித்து நடத்துதல் முதலாவது. நம் நாட்டு வழக்கறிஞருட் பெரும்பாலார் இங்ஙனமே வாழ்கின்றனர். ஒரு மூத்தவர், சில ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா. இதற்குப் பதிவும் வேண்டா, பத்திரமும் வேண்டா. வருவாய் அவர்க்கு, கடனும் அவர்க்கு. இதில் விரித்துக் கூறுதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது, கட்டடத்தை மட்டும் பகிர்ந்துகொண்டு தொழிலைத் தனித்தனியே நடத்துதல். வாடகை, நூலகம், குமாஸ்தா ஆகியன பொது. கட்சிக்காரரும் கட்டணமும் அவரவர்க்கு. இது கூட்டாண்மையன்று. என்னை? கூட்டாண்மை என்பது இலாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டு, அனைவருமோ அனைவர்க்காகவும் ஒருவரோ தொழில் நடத்துதல் என்று 4ஆம் பிரிவு கூறுகின்றது. இலாபப் பகிர்வும், ஒருவர்க்கொருவர் முகவராய் நிற்றலும் இங்கே இல்லை. ஆயினும் ஓர் இடர் உண்டு. மூவர் பெயரையும் ஒரே பலகையில் எழுதி, 'அன்ட் அசோசியேட்ஸ்' என்றும் சேர்த்து, ஒரே ரசீதுப் புத்தகத்தில் ரசீது கொடுத்தால், வெளியார் அவர்களைக் கூட்டாளிகள் என்றே நம்புவர். கூட்டாளியைப்போல் தன்னைக் காட்டிக்கொண்டவன், அதனை நம்பிக் கடன் கொடுத்தவனுக்குக் கூட்டாளியாகவே பொறுப்பேற்றல் வேண்டும் என்பது 28ஆம் பிரிவு. பலகை எழுதுவோன் கைவண்ணத்தாற் கடன் சுமந்தவராகாதபடி காத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமையும் கூட்டாண்மை. இதனைச் சற்று விரித்துரைப்போம். எம் மைத்துனரது நிலை இதுவே.

இருவர் சேர்ந்து இலாபத்தைப் பகிர்ந்தால் எழுத்தில்லாவிடினும் கூட்டாண்மை உண்டாகிவிடும். எழுதாத இடத்தையெல்லாம் சட்டமே தன் எழுத்தால் நிரப்பிக்கொள்ளும். அவ்வெழுத்து எவ்வாறு உளது எனின், ஊதியம் எவர்க்கும் இல்லை, இலாபம் சமபங்கு. நாள் முழுதும் நீதிமன்றத்தில் நின்றவனுக்கும், வாரத்திற்கொருமுறை வந்து போனவனுக்கும் ஒரே பங்கு. காலவரையறை குறிக்கப்படாத கூட்டினை, எவரேனும் ஒருவர் எழுத்தால் அறிவித்துக் கலைத்துவிடலாம். ஒருவர் இறப்பின், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கூட்டுக் கலைந்ததாகும். மைத்துனரின் நண்பர் கூறிய பாதி உண்மை இதுதான்.

அவர் கூறாது விட்ட மற்றைப் பாதி பின்வருமாறு. கலைந்த கூட்டுக்குக் கணக்குத் தீர்த்தல் வேண்டும். முடிந்த வேலைக்கு வரவேண்டிய கட்டணம், கட்டடத்திற்குக் கொடுத்த முன்பணம், நூல்கள், மேசை நாற்காலிகள் ஆகிய அனைத்தையும் மதிப்பிட்டு, வெளிக்கடனை முன்னர்த் தீர்த்து, எஞ்சியதை இறந்தவரின் உரிமையாளர்க்குப் பங்கிட வேண்டும். கணக்குத் தீர்க்காமலே எஞ்சியவர் கூட்டின் பொருளைக் கொண்டு தொழிலைத் தொடர்வாராயின், இறந்தவர் பங்கினைப் பயன்படுத்தி வந்த இலாபத்தையோ, அப்பங்கின்மேல் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 6 வட்டியையோ உரிமையாளர் தம் விருப்பப்படி பெறலாம் என்று 37ஆம் பிரிவு கூறுகின்றது. பதிவு செய்யாத கூட்டாயினும் கலைந்தபின் கணக்குக் கேட்கும் வழக்கினைச் சட்டம் தடுக்கவில்லை. இவ்வளவும் எம் தங்கைக்கு உரியனவாய் இருந்தன, மூன்று ஆண்டுகள் வரை.

ஓர் அச்சம் வேறு அவளை வருத்திற்று. மைத்துனர் பெயர் பின்னும் ஈராண்டு அப்பலகையிலேயே இருந்தது. அந்நண்பர் ஏதேனும் கடன்பட்டால் அது தன் பிள்ளைகளின் தலையில் விடியுமோ என்று அஞ்சி, பெயரை நீக்கும்படி கேட்பதா, விட்டுவிடுவதா என்று தெரியாது உறக்கமின்றிக் கிடந்தாள். இறந்த கூட்டாளியின் பெயரைத் தொடர்ந்து வழங்குதல் ஒன்றினாலேயே அவர்தம் சொத்துக்குப் பின்வரும் கடன்களிற் பொறுப்பு வாராது என்று அதே 28ஆம் பிரிவு ஆறுதல் கூறுகின்றது. அவ்வொரு வரியை யாரேனும் அன்று படித்துக் காட்டியிருப்பின் அவள் உறங்கியிருப்பாள்.

பதிவைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். கூட்டாண்மையைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்பது சட்டமன்று. ஆயினும் பதிவு செய்யாத நிறுவனம், உடன்படிக்கை வழியாக வெளியாரிடமிருந்து வரவேண்டியதைக் கேட்டு வழக்கிட இயலாதபடி 69ஆம் பிரிவு கதவடைத்து நிற்கின்றது. வழக்கறிஞர்க்குத் தம் கட்டணம் கேட்டு வழக்கிடும் உரிமையை 1926ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. அதே சட்டம், கவனக்குறைவால் கட்சிக்காரர்க்கு நட்டம் விளைப்பின் அவர்மேல் வழக்கிடலாம் என்பதையும் உடன் வைத்தது. பதிவில்லாத கூட்டுக்கு முன்னது முடங்கும், பின்னது முடங்காது. நம் நாட்டிற் பதிவுத்துறையின் மாவட்ட அலுவலகத்திலேயே இப்பதிவும் நடைபெறுகின்றது. அதற்குச் சோம்புதல் அறிவுடைமையன்று.

இவ்வடிவத்தின் பெருங்குறை பொறுப்பு வரம்பின்மை. கூட்டாளி ஒவ்வொருவரும் கூட்டின் செயல் அனைத்திற்கும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பாவர். ஒருவர் கட்சிக்காரரின் பணத்தைக் கையாடினால், அப்பணத்தைக் கண்ணாற் காணாத மற்றவரின் வீடும் நிலமும் அதற்கு ஈடாகக்கூடும். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வாராது என்று தீர்த்தது உண்மையே. அதனால் நுகர்வோர் மன்றத்தின் வாயில்தான் அடைந்தது. உரிமையியல் நீதிமன்றத்தின் வாயில் திறந்தே உள்ளது.

நான்காவது வடிவம் இக்குறையை நோக்கி எழுந்தது. வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை என்று அதனைத் தமிழிற் கூறலாம், வழக்கில் 'எல்.எல்.பி.' என்பர். இதற்கான சட்டம் 2008இல் இயற்றப்பெற்று 2009 மார்ச்சு 31 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழில் என்னும் சொல்லுள் அறிவுத்தொழிலையும் அச்சட்டம் அடக்கியிருத்தலின் வழக்கறிஞரும் இதனைக் கைக்கொள்ளலாம். பலர் கைக்கொண்டும் உள்ளனர். இங்கே நிறுவனம் தானே ஓர் ஆள்போலச் சட்டத்தின் கண்ணில் நிற்கும். கூட்டாளி நிறுவனத்திற்கு முகவரே தவிர மற்றைக் கூட்டாளிக்கு முகவரல்லர். ஒருவர் செய்த தவற்றுக்கு அவரும் நிறுவனமும் பொறுப்பு. மற்றவரின் வீடு பொறுப்பன்று. ஏமாற்றும் நோக்கத்தோடு நடத்தினால் மட்டும் இவ்வரம்பு உடையும். ஒருவர் இறப்பினும் நிறுவனம் இறவாது. அவர் இட்ட முதலும், சேர்ந்த இலாபத்தில் அவர் பங்கும் உரிமையாளர்க்குச் சேரும். எம் தங்கை நிலையிலிருந்து நோக்கும்போது இது பெரிய வேறுபாடு.

பயனுக்கேற்ற சுமையும் உண்டு. குறைந்தது இருவர் பொறுப்புக் கூட்டாளிகளாக இருத்தல் வேண்டும். அவருள் ஒருவரேனும் இந்தியாவில் வாழ்பவராதல் வேண்டும். ஆண்டுதோறும் அரசுக்கு இரண்டு அறிக்கைகள் அனுப்ப வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே செல்லும். ஆண்டு வரவு 40 இலட்சத்தையோ, இட்ட முதல் 25 இலட்சத்தையோ கடந்தால் தணிக்கை கட்டாயம். இருவராய்த் தொடங்கி ஒருவராய்க் குறைந்தபின் அறிந்தே ஆறு மாதத்திற்கு மேல் நடத்தினால், அக்காலத்துக் கடனுக்கு எஞ்சிய ஒருவரே தம் சொந்தப் பொருளாற் பொறுப்பாவர். வருமான வரியில் இரண்டு வடிவமும் ஏறத்தாழ ஒன்றே: நிறுவனத்தின் இலாபத்திற்கு நூற்றுக்கு 30 வரியும் அதன்மேல் தீர்வைகளும், பங்காக வரும் இலாபத்திற்குக் கூட்டாளியின் கையில் மீண்டும் வரியில்லை. கூட்டாளிக்கு ஊதியம் கொடுத்துக் கழித்துக்கொள்ள வேண்டுமாயின் அவ்வூதியம் பத்திரத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

இவ்விரு வடிவங்களிலும் ஒன்றை மறவற்க. நீதிமன்றத்தில் தோன்றி வழக்குரைக்கும் உரிமை 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி பதிவு பெற்ற ஆளுக்கே உரியது. எனவே வக்காலத்தை இன்னும் வழக்கறிஞர்தம் பெயரிலேயே எழுதல் வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் மட்டும் 'அட்வகேட் ஆன் ரிகார்டு' எனப்படுவோர் தமக்குட் கூடி, அக்கூட்டைப் பதிவாளரிடம் பதிந்து, கூட்டின் பெயரால் நடப்பதற்கு அதன் விதிகள் இடந்தருகின்றன.

ஐந்தாவதாகப் பலர் கேட்பது 'பிரைவேட் லிமிடெட்' கம்பெனி. கடைக்கும் ஆலைக்கும் நம்மவர் கம்பெனி வைத்துப் பழகியவராகலின் இவ்வினா இயல்பே. வழக்கறிஞர் தொழிலுக்கு இந்தியாவில் அஃது ஆகாது. வழக்குரைத்தல் மட்டுமன்றி ஆலோசனை கூறுதலும் பத்திரம் வரைதலும் வழக்கறிஞர் தொழிலேயென்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆதலால் 'யாம் நீதிமன்றம் செல்லோம், ஆலோசனை மட்டும் கூறுவோம்' என்று கம்பெனி தொடங்கவும் வழியில்லை. வழக்கறிஞர் வேறொரு தொழிற் கம்பெனியில் இயக்குநராக அமரலாம்; ஆனால் நிருவாகப் பொறுப்பு ஏற்றலாகாது. நிருவாக இயக்குநராதலும் ஆகாது. குடும்பத் தொழிலில் உறங்கும் கூட்டாளியாக இருக்கலாம். அத்தொழில் வழக்கறிஞர் மதிப்புக்கு இழுக்காகாதென மாநில வழக்கறிஞர் மன்றம் கருதல் வேண்டும்.

இங்கு நம் சமூகத்தார் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உளது. வழக்கறிஞர் அல்லாத எவரோடும் வழக்கறிஞர் தம் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டிலோ ஏற்பாட்டிலோ சேர்தல் கூடாது என்று பார் கவுன்சில் ஆப் இந்தியாவின் விதி தடுக்கின்றது. நம்மில் மாமனார் முதல் போட்டு மருமகனுக்கு அலுவலகம் வைத்துக் கொடுத்து, 'வருவதில் நாலில் ஒன்று எனக்கு' என்று பேசிக்கொள்வது புதிதன்று. அப்பேச்சு மருமகனின் பதிவுக்கே ஊறு விளைக்கும். மாமனார் தம் கட்டடத்தை வாடகைக்கு விடலாம். பணத்தை வட்டிக்கோ வட்டியின்றியோ கடனாகக் கொடுக்கலாம். மகளுக்கு அன்பளிப்பாகவே கொடுத்துவிடலாம். பங்கு மட்டும் கேட்கலாகாது. கணக்குத் தணிக்கையாளராகிய தமையனும் வழக்கறிஞராகிய தம்பியும் ஒரே கூட்டாண்மையில் கட்டணம் பகிர்வதும் இதே விதியால் தடைப்படும்.

மேனாட்டிற் கதை வேறு. ஆஸ்திரேலியாவில் ஸ்லேட்டர் அன்ட் கார்டன் என்னும் வழக்கறிஞர் நிறுவனம் 2007 மே மாதம் பங்குச் சந்தையில் இறங்கிற்று. உலகில் அங்ஙனம் இறங்கிய முதல் வழக்கறிஞர் நிறுவனம் அஃதே. இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டுச் சட்டம், வழக்கறிஞர் அல்லாதாரும் உரிமை கொள்ளும் நிறுவனங்களுக்கு வழி வகுத்தது. 2012இல் உரிமம் பெற்ற முதல் நிறுவனங்களுள் ஒன்று அந்நாட்டுக் கூட்டுறவு இயக்கத்தைச் சார்ந்தது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் 2021 முதல் இத்தடையை நீக்கியது. ஏனை மாநிலங்கள் பெரும்பாலும் நீக்கவில்லை. முதல் பெருகினால் தொழில் பெருகும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கைக்கு எதிர்ச்சான்றும் அதே ஸ்லேட்டர் அன்ட் கார்டனே. 2015இல் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றின் தொழிற்பகுதியை 63 கோடி பவுனுக்கு மேல் கொடுத்து வாங்கி, 2016ஆம் கணக்காண்டில் நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் நட்டமடைந்தது. பங்கு வாங்கியவனுக்குப் பங்கின் விலை பெரிது; கட்சிக்காரனுக்குத் தன் வழக்கே பெரிது. ஒரு வண்டியில் இரண்டையும் பூட்டுதல் எளிதன்று என்பது எம் கருத்து. மாறாகக் கருதுவாரும் அறிவுடையாரே.

பெயர்ப்பலகையைப் பற்றிக் கூறாது விடின் நம் சங்கத்தின்மேல் எமக்குள்ள அன்பு குறைவென்றாகும். வழக்கறிஞர் விளம்பரம் செய்தலாகாது. பலகை அளவாக இருத்தல் வேண்டும் என்பது விதி. அப்பலகையில், தாம் எந்தச் சங்கத்தின் தலைவர் அல்லது உறுப்பினர் என்பதையும், எத்துறையிற் சிறந்தவர் என்பதையும் குறித்தலாகாது என்றும் அவ்விதியே கூறுகின்றது. ஆகவே நம் இளைஞர் மூவரும் நம் சங்கத்தின் பெயரைத் தம் பலகையில் எழுதவில்லையே என்று எவரும் மனம் வருந்தற்க. நம் மாத வெளியீட்டின் பொங்கல் மலரில் 'வாழ்த்துவோர்' பக்கத்திற்கு அவர்களிடம் பணம் கேட்டுச் செல்லுதலையும் இவ்வாண்டு முதல் நிறுத்தல் நன்று. அவர்கள் மறுப்பின் அது செருக்கன்று. 2008இல் விதி தளர்ந்து, பெயர், முகவரி, பதிவெண், கல்வித் தகுதி, தொழில் புரியும் துறை முதலியவற்றை இணையத்தில் வெளியிட மட்டும் இடம் கிடைத்தது.

இனி, பத்திரம். மூவரும் கூட்டாண்மையாகவோ எல்.எல்.பி.யாகவோ எதனைத் தேர்ந்தாலும் எழுதவேண்டுவன ஒன்றே. எம்மை வினவின், முதல் மூன்றாண்டு கட்டடத்தை மட்டும் பகிர்ந்து தனித்தனியே தொழில் நடத்தி, ஒருவர் உழைப்பை ஒருவர் அறிந்தபின் எல்.எல்.பி.யாகச் சேர்க என்போம். இளமையில் நட்பினாற் கூடியவர் வருவாயிற் பிரிவதைக் கண்டிருக்கின்றோம். இது நிற்க, பத்திரத்தில் இலாபப் பங்கு எவ்வளவு என்று எழுதுவதற்கு எல்லாரும் மறவார். மறப்பது வெளியேறுதலும் இறப்பும். ஒருவர் விலகினால் நடைபெறும் வழக்குகளுள் எவை எவரிடம் நிற்கும்? கட்சிக்காரரைக் கேட்டுத்தான் தீர்மானிக்க இயலும். ஆயின் அதுவரை வாங்கிய கட்டணத்திற்குக் கணக்கு எந்த நாளோடு முடியும்? மருத்துவமனையில் ஆறு திங்கள் கிடந்தவர்க்குப் பங்கு உண்டா? மகப்பேற்றுக் காலத்தில்? இக்கேள்வியை நம் பெண்மகள் தாமே கேட்டார். ஏனை இருவரும் அதுவரை நினைத்திலர்.

பெயர் எவர்க்கு என்பதும் எழுதப்படல் வேண்டும். 1917இல் தோன்றி இந்தியாவின் மிகப் பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களுள் ஒன்றாய் வளர்ந்த அமர்சந்த் மங்கள்தாஸ் நிறுவனம், தாயாரின் மறைவுக்குப் பின் உடன்பிறந்தார் இருவரிடை எழுந்த வழக்கின் முடிவாக, 2015இல் இரண்டாகப் பிரிந்தது. இருவரும் தத்தம் பெயரை முன்னர்ச் சேர்த்துப் பழம்பெயரைத் தொடர்கின்றனர். சட்டத்தையே தொழிலாகக் கொண்ட பெருங்குடும்பத்திற்கே பெயரும் பங்கும் இவ்வளவு சிக்கல் எனின் நம்மனோர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

இறப்பைப் பற்றிய பகுதியில் நான்கு செய்திகளைத் தவறாது எழுதுக. இறந்த நாள் வரையிலான கணக்கை எத்தனை நாளுக்குள் எடுப்பது. முடிந்த வேலைக்குப் பின்னர் வரும் கட்டணத்தில் இறந்தவரின் பங்கு எவ்வளவு. முன்பணமும் நூல்களும் எவ்விலைக்கு மதிக்கப்படும். அத்தொகை யார் கையில், எத்தனை தவணையில் சேரும். இலாபத்தின் பங்காக அன்றி, அதுவரை ஈட்டியதன் தீர்வாக அமையும்படி எழுதுவித்தால் வழக்கறிஞர் அல்லாத மனைவியோ கணவரோ பெறுதற்குத் தடை நேராது என்று எம் நண்பராகிய வழக்கறிஞர் விளக்கினார். பத்திரத்தின் ஒரு படி வீட்டில் இருத்தல் வேண்டும். வீட்டிலுள்ளார்க்கு அதனை ஒருமுறை படித்துக் காட்டுதலும் வேண்டும். பெற்றோர்க்கும் இது பொருந்தும்.

எம் மைத்துனரின் நண்பர் 2018ஆம் ஆண்டில் அலுவலகத்தை வேறிடத்திற்கு மாற்றினார். மாற்றும்போது, இவை உங்களுடையவை என்று ஓர் அலமாரி நிறையச் சட்டத் தீர்ப்புத் தொகுதிகளைத் தங்கை வீட்டுக்கு அனுப்பினார். கேட்காமலே அனுப்பினார் என்பதையும் கூறிவிடல் நேர்மை. தோல் அட்டை கட்டிய அத்தொகுதிகள் இப்பொழுது கணினியிற் கிடைத்தலின் விலைக்குக் கொள்வாரில்லை. அவள் அவற்றை விற்கவும் மனமின்றி வைத்திருந்தாள். சென்ற திங்கள் நம் பெண் வழக்கறிஞர் அவற்றைக் கேட்டபோது மகிழ்ந்து கொடுத்தாள். வண்டியில் ஏற்றுமுன், "பத்திரம் எழுதியாயிற்றா, கண்ணு?" என்று கேட்டாளாம்.

எழுதிக்கொண்டிருக்கின்றனர். அதன் வரைவு இன்று செயலாளர் மேசையில் உள்ளது, விரும்புவோர் பார்க்கலாம். சட்ட நுணுக்கம் பற்றிய வினாக்களுக்கு இவ்வவையில் உள்ள வழக்கறிஞர் விடை கூறுவர். யாம் அமர்கின்றோம்.